கூடுதலாக ஒரு மூச்சு: சாதாரண நாளின் சின்னச் சின்ன வெளிச்சங்களைத் தவறவிடாமல் இருக்க ஒரு முழு வழிகாட்டி

சாயங்காலம் ஏழு மணி இருக்கும். சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டு போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். ஃப்ரிட்ஜ் மோட்டார் நின்றது. அதுவரை அது ஓடிக்கொண்டிருந்ததே எனக்குத் தெரியாது. நின்ற பிறகுதான், ஒரு மெல்லிய இரைச்சல் அவ்வளவு நேரமும் காதை அழுத்திக்கொண்டிருந்தது புரிந்தது. வீடு சட்டென்று அகலமானது மாதிரி இருந்தது. பக்கத்து அறையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. நாலைந்து விநாடிதான். மறுபடி போனில் குனிந்துவிட்டேன்.

அன்றிரவு யாராவது "இன்னிக்கு நாள் எப்படிப் போச்சு?" என்று கேட்டிருந்தால், "என்ன பெரிசா, வழக்கம்போலத்தான்" என்றிருப்பேன். இரண்டு நாள் கழித்து அதே மோட்டார் அதே மாதிரி நின்றபோதுதான், அன்றைக்கும் இப்படி ஒன்று நடந்ததே என்று உறைத்தது.

ஒரு நாளைக்கு இந்த மாதிரி எத்தனை வந்துபோகிறது என்று எண்ண ஆரம்பித்து, எண்ணியதை ஒரு நோட்டில் எழுதி, அதில் செய்த தப்புகளைத் திருத்தி வந்து சேர்ந்ததுதான் இந்த வழிகாட்டி. இனிய தருணங்களை உண்டாக்கும் வித்தை எதுவும் என்னிடம் இல்லை. அவை தானாகவே வந்துகொண்டிருக்கின்றன. வந்ததன் பக்கத்தில் இன்னும் ஒரு மூச்சு நேரம் நிற்கப் பழகுவதுதான் இங்கே பேச்சு. அதற்குச் சட்டைப்பையில் அடங்கும் ஒரு நோட்டு, ஒரு பேனா, நாலு வாரம் போதும்.

கண்ணில் படாமல் போவது ஏன்?

இதைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் படிகளில் பாதி தானாகவே விளங்கும்.

முதல் காரணம், நாம் இருக்கிற இடத்தில் இருப்பதே இல்லை. மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2,250 பேரின் போனுக்கு நாளின் நடுவே திடீர் திடீரென்று ஒரு கேள்வியை அனுப்பினார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள்? 2010-இல் வெளியான அந்த ஆய்வில், கேட்ட நேரங்களில் 46.9 சதவீதம் மனம் வேறெங்கோ இருந்தது. கிட்டத்தட்ட பாதி நாள். அலைகிற மனம் பொதுவாக மகிழ்ச்சி குறைந்த மனமாகவும் இருந்தது. இனிமையான எதையாவது நினைத்து அலைந்தால்கூட, கையில் இருக்கும் வேலையில் இருந்ததைவிட அது கூடுதல் சந்தோஷம் எதையும் தரவில்லை.

இரண்டாவது, கெட்டது ஒட்டிக்கொள்ளும், நல்லது வழுக்கிப் போகும். ராய் பாமைஸ்டரும் உடன் பணியாற்றியவர்களும் 2001-இல் பல துறை ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொன்னது இதைத்தான். ஒரு சுடுசொல்லை மறக்க வாரக்கணக்கில் ஆகிறது. அன்றைக்கே கேட்ட ஒரு நல்ல சொல் சாயங்காலத்துக்குள் காணாமல் போகிறது. பாம்பைத் தவறவிட்டால் உயிர் போகும், பூவைத் தவறவிட்டால் ஒன்றும் ஆகாது என்று பழகிய மூளை அப்படித்தான் கணக்குப் போடும். அதைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

மூன்றாவது, பழக்கம். லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேரை 1978-இல் பிலிப் பிரிக்மன் குழு விசாரித்தது. அவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடுதல் மகிழ்ச்சியோடு இல்லை என்பது பலருக்கும் தெரிந்த முடிவு. நண்பரோடு பேசுவது, டி.வி. பார்ப்பது போன்ற அன்றாட விஷயங்களில் கிடைக்கும் இன்பம் அவர்களுக்குக் குறைந்திருந்தது என்ற பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. பெரிய வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்குச் சின்ன விளக்கு தெரிய நேரமாகிறது.

படி 1: மூன்று நாள் வெறுமனே குறித்துக்கொள்ளுங்கள்

முதல் மூன்று நாள் எதையும் மாற்ற வேண்டாம். சந்தோஷமாக இருக்க முயலவும் வேண்டாம். ஏதோ ஒன்று லேசாக இதமாகப் பட்டால் அந்த இடத்திலேயே நோட்டில் இரண்டே வார்த்தை: "தலையணை - மறுபக்கம்", "லிஃப்ட் குழந்தை". இரவில் அதை எடுத்து ஒரு வாக்கியமாக விரிக்க வேண்டும்.

எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் முதல் வாரத்து நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கிறது: "மழை பெய்தது. நன்றாக இருந்தது." இப்போது படித்தால் ஒன்றும் தோன்றவில்லை, எந்த மழை என்றே தெரியவில்லை. அதே நோட்டில் ஒரு மாதம் கழித்து: "மழை விட்ட பிறகு ஜன்னல் கம்பியின் அடிப்பக்கத்தில் துளிகள் வரிசையாகத் தொங்கின. ஒன்று மட்டும் பக்கத்துத் துளியைத் தொட்டு, இரண்டும் சேர்ந்து கனத்து விழுந்தது. அடுத்தது விழும் என்று பார்த்தேன், விழவில்லை." இதைப் படிக்கும்போது ஜன்னலருகே மறுபடி நிற்கிறேன்.

ஆகவே ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். "நன்றாக", "அழகாக", "சூப்பர்" ஆகிய வார்த்தைகளுக்கு அந்த நோட்டில் இடமில்லை. என்ன நடந்தது, எந்தப் புலனில் பட்டது, எவ்வளவு நேரம் இருந்தது என்று மட்டும் எழுதுங்கள். முடிந்தால் கடைசியில், அது ஏன் நடந்தது என்று அரை வரி. இந்த அரை வரி என் கண்டுபிடிப்பு இல்லை. மார்ட்டின் செலிக்மன் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் தினமும் இரவில் அன்று நல்லபடியாக நடந்த மூன்று விஷயங்களையும் அவற்றின் காரணத்தையும் எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களிடம் ஆறு மாதம் கழித்தும் மாற்றம் தெரிந்தது. வாரம் முடிந்தபின் யாரும் சொல்லாமல் தாங்களாகவே தொடர்ந்தவர்களுக்கு அது கூடுதலாகப் பலித்தது.

மூன்று நாளும் நோட்டு காலியாகவே இருந்தால் பதற வேண்டாம். எனக்கு முதல் நாள் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது, அதுவும் செருப்பைக் கழற்றியது.

படி 2: உங்களுடையது எந்த ரகம்?

நாலாவது நாள் நோட்டை விரித்துப் பாருங்கள். எல்லோருக்கும் எல்லாமும் எடுபடுவதில்லை. சூரிய அஸ்தமனம் ஒருவருக்கு நெஞ்சை நிறைக்கும். இன்னொருவருக்கு வெளிச்சம் போய்விட்டது, விளக்கைப் போட வேண்டும், அவ்வளவுதான்.

உடம்பின் சுகங்கள் ஒரு ரகம். நாள் முழுக்க இறுக்கிய காலணியிலிருந்து விரல்கள் விடுபடுவது, தலையணையைத் திருப்பிப் போட்டால் கன்னத்தில் படும் குளிர்ச்சி, கைக்கு எட்டாத முதுகு அரிப்பு கதவு நிலையில் தீர்வது. கண்ணும் காதும் மூக்கும் கொண்டுவருபவை இன்னொன்று: சாய்ந்த வெயிலில் மிதக்கும் தூசி, தூரத்தில் யாரோ தப்பும் தவறுமாகப் பாட்டுப் பயிற்சி செய்வது. மனிதர்களால் வருபவை தனி. முடித்ததால் வருபவையும் தனி. உலர்ந்த துணியை மடித்து அடுக்கி அலமாரியை மூடுகிற அந்தக் 'கிளிக்' சத்தத்துக்காகவே துணி மடிப்பவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

ஐந்தாவது ரகத்தைப் பலரும் எழுதவே மாட்டார்கள். தப்பித்ததால் வரும் சந்தோஷம். தொலைந்துபோனதாக நினைத்த சாவி இன்னொரு பையில் கையில் தட்டுப்படுவது. போயே ஆக வேண்டியிருந்த மீட்டிங் கடைசி நேரத்தில் ரத்தாவது. இதை எழுதக் கூச்சமாக இருக்கும், ஏதோ சோம்பேறித்தனத்தை ஒப்புக்கொள்வது போல. எழுதுங்கள். நோட்டு உங்களுடையது, யாரும் மார்க் போடப்போவதில்லை.

என் நோட்டில் முக்கால்வாசி காதால் வந்தவை. அது எனக்கே தெரியாமல் இருந்தது. இயற்கைக் காட்சிகளை ரசிப்பவன் என்றுதான் என்னைப் பற்றிப் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படி 3: நிற்பது

மற்றதெல்லாம் இதற்கான ஏற்பாடுதான். இதற்கு இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள்.

பிரெட் பிரையன்ட், ஜோசப் வெராஃப் என்ற உளவியலாளர்கள் இதையே நீண்டகாலம் ஆராய்ந்தவர்கள். நல்லதை அடைவது ஒரு திறன், அடைந்ததைச் சுவைப்பது வேறொரு திறன் என்று அவர்கள் பிரித்தார்கள். ஒன்று இருந்தால் மற்றது தானாக வந்துவிடாது. சாப்பாட்டு மேஜையில் பார்க்கிறோமே, விழுங்குகிறவரும் உண்டு, ருசிக்கிறவரும் உண்டு. தட்டு ஒன்றுதான்.

செய்ய வேண்டியது மிகச் சின்னது. ஏதோ ஒன்று இதமாகப் பட்டதும் கை செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்துங்கள். ஒரு மூச்சை முழுதாக வெளியே விடுங்கள். பிறகு மனதுக்குள் ஒரு கேள்வி. அது புலனைப் பற்றிய கேள்வியாக இருக்க வேண்டும். இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? இந்த வெளிச்சம் எந்த இடத்தில் முடிகிறது? இந்த வாசனைக்குள் இன்னொரு வாசனை இருக்கிறதா? பதில் கிடைக்க வேண்டிய அவசியமே இல்லை. தேடும் அந்தப் பத்துப் பதினைந்து விநாடியில் நீங்கள் அங்கே இருப்பீர்கள், அது போதும்.

"நான் இப்போது சந்தோஷமாக இருக்கிறேனா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நான் முதலில் செய்த தப்பு இதுதான். ஒவ்வொரு தடவையும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்ததில் காய்ச்சல் இறங்கியதுதான் மிச்சம். 2003-இல் ஜொனாதன் ஸ்கூலர், டான் ஏரியலி, ஜார்ஜ் லோவன்ஸ்டைன் மூவரும் வெளியிட்ட ஆய்வில் ஓர் இசைத்துண்டைக் கேட்கவைத்தார்கள். சிலரை வெறுமனே கேட்கச் சொன்னார்கள், சிலரைக் கேட்டுக்கொண்டே சந்தோஷமாக இருக்க முயலச் சொன்னார்கள், சிலரைத் தங்கள் சந்தோஷத்தை அளந்துகொண்டே இருக்கச் சொன்னார்கள். வெறுமனே கேட்டவர்கள்தான் தேவலாம் என்றிருந்தது.

கேள்வி எப்படி வேலை செய்கிறது என்று பழகிப் பார்க்க மண்வாசனையைவிட நல்ல பாடம் கிடையாது. காய்ந்த தரையில் முதல் தூறல் விழுந்ததும் எழும் அந்த வாசனையை எல்லோருக்கும் தெரியும். "ஆகா" என்று ஒரு தடவை மூக்கை உறிஞ்சிவிட்டுத் துணியெடுக்க ஓடிவிடுவோம். அடுத்த தடவை வாசலில் நின்று, இது எதன் வாசனை என்று கேட்டுப்பாருங்கள். மழைக்குச் சொந்த வாசனை இல்லை. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிரிகள் ஜியோஸ்மின் என்ற பொருளைச் சுரக்கின்றன. செடிகளிலிருந்து வரும் எண்ணெய்கள் வறண்ட நாட்களில் கல்லிலும் மண்ணிலும் ஊறிக் கிடக்கின்றன. ஆஸ்திரேலியாவின் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரு விஞ்ஞானிகள் 1964-இல் இந்த எண்ணெயைப் பற்றி எழுதி, அதற்குப் பெட்ரிகோர் என்று பேரும் வைத்தார்கள். துளி தரையில் மோதும்போது அடியில் சிக்கிய காற்று நுண்குமிழ்களாக மேலேறி வெடித்து, இந்த வாசனையைத் தூவலாக வீசுகிறது. அதிவேகக் காமிரா வைத்து 2015-இல் இதைப் படம்பிடித்தார்கள். பெருமழையில் இது அவ்வளவாக நடப்பதில்லை. தூறலிலும் மிதமான மழையிலும்தான். ஜியோஸ்மினை மனித மூக்கு லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே கண்டுகொள்ளும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு வாசலில் நிற்பது வேறு மாதிரி இருக்கிறது. தூறல் வலுக்கும்போது வாசனை எங்கே தளர்கிறது என்று கவனிக்கிறேன். மண் தரைப் பக்கம் ஒன்று, சூடான சிமெண்ட் பக்கம் இன்னொன்று என்று பிரித்துப் பார்க்கிறேன். கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகி வாசனை மறைந்துவிடும். அப்போது உள்ளே போய் ஒரு நிமிஷம் இருந்துவிட்டு மறுபடி வெளியே வந்தால் அது மறுபடி இருக்கும். இலவசமாக இரண்டாம் காட்சி.

படி 4: போனை எப்போது எடுப்பது?

எடுக்காதீர்கள் என்று சொல்லப்போவதில்லை. சொன்னாலும் நடக்காது, என் போனிலேயே ஒரே மாதிரி நூறு சாயங்கால வானம் இருக்கிறது, எது எந்த நாள் என்று தெரியாமல்.

லிண்டா ஹென்கல் 2014-இல் ஓர் அருங்காட்சியகத்தில் மாணவர்களைச் சுற்றவைத்தார். சில பொருட்களைப் பார்க்க மட்டும், சிலவற்றைப் படமெடுக்க. மறுநாள் கேட்டபோது படமெடுத்த பொருட்களின் விவரங்கள் குறைவாகவே நினைவில் இருந்தன. காமிரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் கைகழுவிவிடுகிறது போலும். ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தவர்களுக்கு அந்தக் குறை இல்லை. நான் இதிலிருந்து எடுத்துக்கொண்ட வழக்கம்: முதலில் கண்ணால் பத்து விநாடி, பிறகு ஒரே ஒரு படம், அதுவும் முழு வானத்தை எடுக்காமல் அதில் ஒரு மூலையை. அந்த மூலையைத் தேர்ந்தெடுக்கத் தேடும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

படி 5: யாரிடமாவது சொல்லுங்கள், யாராவது சொன்னால் கேளுங்கள்

நல்ல செய்தியைப் பகிர்ந்தால், அந்தச் செய்தி தந்ததற்கு மேலும் கொஞ்சம் சந்தோஷம் சேர்கிறது என்று ஷெல்லி கேபிள் 2004-இல் காட்டினார். கேட்பவர் எப்படிக் கேட்கிறார் என்பதைப் பொறுத்தே அது பலிக்கும் என்பதும் அதே ஆய்வில்தான். ஒரு தம்பி போனில் அக்காவிடம் சொல்கிறான் என்று வையுங்கள்:

"அக்கா, இன்னிக்கு அலாரம் அடிக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே முழிப்பு வந்துடுச்சு. மணியைப் பார்த்துட்டுத் திரும்பிப் படுத்தேன் பாரு... அந்தச் சுகமே தனி."

அக்கா நாலு விதமாகப் பதில் சொல்லலாம்.

"ம்ம், நல்லது."

"சரி சரி, அந்த பில்லைக் கட்டினியா?"

"ஏன்டா, ராத்திரி சரியாத் தூக்கம் இல்லையா? உடம்பைப் பார்த்துக்கோ."

"அட! படுத்ததும் தூங்கிட்டியா, இல்ல சும்மா கண்ணை மூடிக்கிட்டுக் கிடந்தியா?"

மூன்றாவது பதிலில் பாசம் இல்லாமல் இல்லை, பாசம்தான் அதிகம். ஆனாலும் தம்பி கொண்டுவந்த சின்ன விளக்கு அதில் அணைந்துவிடுகிறது. நாலாவதில் அவன் அந்தக் காலையை இன்னொரு தடவை வாழ்கிறான். வீட்டில் பெரும்பாலும் நாம் மூன்றாவது அக்காவாகவே இருக்கிறோம் என்பது என் அனுபவம். ஒரு வாரம் பயிற்சி: யார் எந்தச் சின்ன நல்லதைச் சொன்னாலும், அறிவுரைக்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி.

முன்பின் தெரியாதவர்கள்

இதைத் தனிப்படியாக வைக்கவில்லை, எல்லோருக்கும் ஒத்துவராது. நிக்கலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் ரயில், பஸ் பயணிகள் சிலரைப் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னார்கள். பேசினால் பயணம் கெட்டுவிடும் என்று நினைத்தவர்கள்தான் அதிகம்; பேசியவர்களுக்குப் பயணம் இனிமையாகவே போனது. நீளமாகப் பேச வேண்டியதில்லை. தினமும் கதவைத் திறந்துவிடும் காவலாளியிடம், லிஃப்டில் ஏறுகிறவரிடம், கண்ணைப் பார்த்து ஒரு வரி. அவர் காதில் இயர்போன் இருந்தால் அதுவும் வேண்டாம்.

படி 6: நாளில் கொஞ்சம் இடம் விடுங்கள்

அவசரத்தில் கண் தெரியாது. ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் 1973-இல் வெளியிட்ட பிரபலமான ஆய்வு ஒன்று உண்டு. இறையியல் மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் நோய்ப்பட்டவர் போலச் சுருண்டு கிடக்க ஏற்பாடு. நேரம் இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடு என்று சொல்லப்பட்டவர்களில் 10 சதவீதம். பாதையில் விழுந்து கிடக்கும் மனிதரையே தாண்டிப் போகவைக்கிற அவசரம், ஜன்னல் கம்பியின் துளியை எப்படிப் பார்க்க விடும்?

அதனால் எங்கே போனாலும் ஐந்து நிமிஷம் முன்னால் கிளம்புங்கள். சொல்ல எளிது என்று தெரியும். நான் தினமும் செய்வதில்லை, வாரத்தில் மூன்று நாள் செய்கிறேன். என் நோட்டில் வெளியே கிடைத்தவை எல்லாம் அந்த மூன்று நாட்களில் வந்தவை.

இடம் விடவேண்டிய இன்னொரு நேரம் நாளின் வால். டேனியல் கானமன் குழு 1993-இல் செய்த சோதனையில் ஒரு கையை 14 டிகிரிக் குளிர்நீரில் 60 விநாடி வைக்கச் சொன்னார்கள். இன்னொரு தடவை அதே 60 விநாடி, கூடவே மேலும் 30 விநாடி. அந்த 30 விநாடியில் நீரின் வெப்பத்தை மெதுவாக ஒரு டிகிரி கூட்டினார்கள். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீளமானதைத் தேர்ந்தெடுத்தார்கள். கூடுதல் வலிதான், ஆனாலும் முடிவு கொஞ்சம் இதம். நினைவு கால அளவைக் கணக்கில் எடுப்பதில்லை. உச்சத்தையும் முடிவையும் எடுத்து வைத்துக்கொள்கிறது.

இதை வைத்து என் நாளின் கடைசிப் பத்து நிமிஷத்தை மட்டும் மாற்றினேன். முன்பெல்லாம் ஆபீஸ் மெயில் பார்த்துவிட்டுப் படுப்பேன். இப்போது விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் நின்று எதிர்வீடுகளில் எத்தனை விளக்கு எரிகிறது என்று எண்ணுகிறேன். வேடிக்கையான வேலைதான்.

படி 7: தேய்ந்துபோனால்

மூன்றாவது வாரம் கட்டாயம் ஒன்று நடக்கும். நோட்டு வீட்டுப்பாடம் ஆகிவிடும். "செருப்பைக் கழற்றினேன், சுகம்" என்று ஐந்தாவது தடவை எழுதும்போது உங்களுக்கே கொட்டாவி வரும். சோஞா லியுபோமிர்ஸ்கி குழு இதை ஆறு வாரம் சோதித்தது: நன்றிக்குரியவற்றை வாரம் ஒரு தடவை எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது, வாரம் மூன்று தடவை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. நல்ல பழக்கம் என்றால் தினமும் செய் என்று வளர்க்கப்பட்ட எனக்கு இது பெரிய ஆறுதல்.

எனவே மூன்றாவது வாரத்திலிருந்து வாரம் ஒரு நாள் போதும். முந்தைய ஆறு நாளில் நினைவில் தங்கியதை மட்டும் எழுதுங்கள். ஒருமுறை எழுதிய தருணத்தைத் திரும்ப எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டால், கண் தானாகப் புதிதைத் தேடும். பிடித்த ஒன்றை நடுவில் கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடர்வதும் உதவும். மசாஜைத் தொடர்ச்சியாகப் பெற்றவர்களைவிட இடைவேளை விட்டுப் பெற்றவர்கள் அதிகம் ரசித்தார்கள் என்று லெய்ஃப் நெல்சனும் டாம் மேவிஸும் 2008-இல் காட்டினார்கள். நல்ல பாட்டு ஒன்று ஓடும்போது பாதியில் நிறுத்தி, ஒரு நிமிஷம் கழித்துத் தொடர்ந்து பாருங்கள். கூட இருப்பவர் முறைப்பார், அது தனி.

எதுவும் எட்டாத நாட்கள்

துக்கம் நடந்த வீட்டில் இந்த நோட்டை எடுக்க வேண்டாம். பெரிய வலியில் இருப்பவரிடம் "சின்னச் சின்ன சந்தோஷங்களைப் பாருங்க" என்று சொல்வது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது. எனக்கும் ஒரு சமயம் ஒருவர் அப்படிச் சொன்னார். அவருடைய நல்லெண்ணம் இன்றைக்குப் புரிகிறது, அன்றைக்குக் கோபம்தான் வந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முன்பு பிடித்த எதிலும் இரண்டு வாரத்துக்கு மேலாகச் சுவையே இல்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, காலையில் எழுவதே மலையாக இருக்கிறது என்றால், அது பழக்கக் குறைவு இல்லை. மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம். நோட்டை மூடிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சாகவேண்டும் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் இரண்டு வாரம் காத்திருக்கவே வேண்டாம், அன்றைக்கே.

வெறும் மோசமான நாள் என்றால், ஒன்றே ஒன்று செய்யலாம்: உடம்பின் ரகத்துக்குப் போங்கள். முகத்தில் தண்ணீர், தலையணையின் மறுபக்கம். மனதோடு வாதாட வேண்டியிருக்காது.

படி 8: மூன்று மாதம் கழித்துப் படியுங்கள்

நாலு வாரம் முடிந்ததும் நோட்டை ஓரமாக வைத்துவிடுங்கள். டிங் ஜாங் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் தங்கள் அன்றாடத்திலிருந்து சிலவற்றை எழுதிப் பூட்டிவைத்தார்கள்: கடைசியாக நடந்த ஓர் உரையாடல், அப்போது கேட்டுக்கொண்டிருந்த பாட்டுகள், அந்த மாதிரி. திரும்பிப் படிக்க எவ்வளவு ஆர்வமாக இருக்கும் என்று அப்போதே ஊகிக்கவும் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்துப் படித்தபோது ஊகித்ததைவிட அதிக ஆர்வம் இருந்தது. நாள் எவ்வளவு சாதாரணமோ அவ்வளவுக்கு ஊகம் பிசகியது. விசேஷ நாட்கள் எப்படியும் நினைவில் இருக்கும். சாதாரண நாள் எழுதினால்தான் உண்டு.

என் நோட்டை நான் போன மாதம் எடுத்துப் படித்தேன். மூன்றாவது பக்கத்தில் ஃப்ரிட்ஜ் மோட்டார் நின்றது இருந்தது. பக்கத்து அறையில் தாள் புரளும் சத்தமும் இருந்தது. அது என்ன புத்தகமாக இருந்திருக்கும் என்று ஆசையாக இருந்தது. போய்க் கேட்டேன்.

"புத்தகமா? நான் எங்க படிச்சேன்? கரண்ட் பில்லையெல்லாம் தேதி வாரியா அடுக்கிட்டு இருந்தேன்" என்று பதில் வந்தது. "ஒரு மாசத்து பில் மட்டும் காணவே இல்ல. நீங்கதான் எங்கயோ வெச்சிருக்கீங்க."

நோட்டில்தான் இருந்தது, அடையாளத்துக்கு வைத்த இடத்தில்.